ஒரு குறையும் இல்லாத வீடு

காலி செய்துவிட்டுப் போன வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஆள் இருக்கும்வரை வீடு எப்படியோ மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். சாமான் வண்டி கிளம்பியதுதான் தாமதம், எல்லாம் வெளியே வந்துவிடும். கட்டில் கிடந்த இடத்தில் தலைமுடிப் பந்து, அடுப்புக்குப் பின்னால் விரல் பருமனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை மூலையில் என்னவென்றே சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அதையெல்லாம் சுரண்டி, கழுவி, துடைத்து, அடுத்து வருகிறவர் "அட, புது வீடு மாதிரி இருக்கே!" என்று வாயைப் பிளக்கும்படி செய்வதுதான் பளிச்சக்காவின் பிழைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் "பளிச்சுனு இருக்கணும், பளிச்சுனு இருக்கணும்" என்று அவள் ஓயாமல் சொன்னதில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, வங்கியில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் புறநகரில் அவள் கழுவாத வீடு குறைவு. வீட்டுத் தரகர் சாவியை மேசையில் தள்ளுவார், இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். யார் வீட்டு ஜன்னலில் வெயில் விழும், யார் வீட்டு மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், எல்லாம் அத்துப்படி. ஊர் வீடுகளையெல்லாம் அழகு பார்த்தவளுக்கு அந்த ஊரில் குடியிருக்க ஒரு உருப்படியான வீடு இல்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவள் இருந்தது ஒரு கட்டடத்தின் நிலவறை. பாதி மண்ணுக்குள். யாரோ பழைய சாமான் போட்டு வைக்கக் கட்டிய அறை அது. ஒரு மூலையில் அடுப்பை வைத்து, ஒரு மூலையில் குழாயைப் போட்டு, "வீடு" என்று வாடகைக்கு விட்டுவிட்டார் கட்டடத்துக்காரர். ஜன்னல் கூரையோடு ஒட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். பின்பக்கச் சுவர் வருஷம் முழுக்க ஈரம். பளிச்சக்கா பூசணத்தைச் சுரண்டித் துடைப்பாள், அடுத்த வாரம் அது மறுபடி வந்து கறுப்பாக உட்கார்ந்திருக்கும். அவள் வாழ்க்கையில் தோற்றுப்போன ஒரே சுவர் அதுதான்.

அவளோடு இருந்தது நாத்தனார், புருஷனுடைய அக்கா. புருஷன் எங்கே என்று கேட்கிறீர்களா? "வேலை பாத்துட்டு வரேன்" என்று ஒரு பையோடு போனான். பிறகு வந்த சேதி, அவன் வேறு ஊரில் வேறு ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பது. ஒரு ஓட்டை சைக்கிளையும் தன் அக்காவையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். நாத்தனாரும் இவளும் அடுத்த நாளே முடியைப் பிடித்துக்கொண்டு பிரிந்துவிடுவார்கள் என்று அக்கம்பக்கம் ஆவலோடு காத்திருந்தது. பாவம், ஏமாந்து போனார்கள். சைக்கிளை விற்றார்கள். மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

சண்டை வராமல் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சண்டை, மின்விசிறியை வேகமாக வைத்தால் சண்டை, மெதுவாக வைத்தால் சண்டை. நாத்தனார் தையல் மெஷினில் திரைச்சீலை தைப்பாள். கடைக்காரர் துணியைக் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எடுத்துப் போவார். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியதால் அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. அப்படிப்பட்ட தொண்டைதான் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது. முதலில் இருமல். பிறகு படி ஏறினால் மூச்சிரைப்பு. பிறகு படுத்தால் மூச்சு முட்டல். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

"மருந்து நான் தரேன். ஆனா அந்த ஈரச் சுவரு கூடவே இருந்தா மருந்து என்னம்மா செய்யும்? அடுத்த மழைக்காலத்துக்குள்ள வீட்ட மாத்திடுங்க. இல்லேன்னா இந்த நெஞ்சு தாங்காது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னாள்: "வீட்ட மாத்தணுமாம்ல. என்னமோ சட்டைய மாத்துங்கன்னு சொல்ற மாதிரி சொல்றாரு."

பளிச்சக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே வீடு தேட ஆரம்பித்துவிட்டாள்.

தேடினாள் என்றால் சும்மா தேடலா? தான் கழுவிய வீட்டு வாசல்களில் எல்லாம் போய் நின்றாள். சிலது இவர்கள் இரண்டு பேர் சம்பாத்தியத்தையும் அப்படியே விழுங்கிவிடும். வாடகை கட்டுப்படியான இடத்தில் வேறு கேள்வி வந்தது. "வீட்ல ஆம்பள யாரு?" என்றார் ஒருவர், உள்ளே விடாமலே.

"இருந்த ஒரு ஆம்பளையும் வாடகை பாக்கி வெச்சிட்டுத்தான் ஓடினான், சார். அத அடைச்சது நாங்க ரெண்டு பேரும்தான். இப்ப சொல்லுங்க, உங்களுக்கு ஆம்பள வேணுமா, வாடகை வேணுமா?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு வீட்டம்மா நாத்தனார் இருமுவதைக் கேட்டுவிட்டு, வீட்டை மச்சானுக்குக் கொடுப்பதாக அப்போதுதான் நினைவுக்கு வந்ததாகச் சொன்னாள். மச்சான் எங்கிருந்து முளைத்தானோ!

மிச்சம் இருந்தது நகராட்சி வீடுகள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். குறைந்த சம்பளக்காரர்களுக்கு என்று சில வீடுகள் உண்டு, சம்பாதிப்பதில் ஒரு பங்குதான் வாடகை, மீதியை நகராட்சி ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேட்பவர்கள் ஏராளம். அதனால் இப்போது இருக்கிற இடம் குடியிருக்க லாயக்கில்லாதது என்று அலுவலகத்து ஆள் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் முன்னுரிமை. பளிச்சக்கா விண்ணப்பம் கொடுத்தாள். கொஞ்ச நாளில் தொலைபேசி வந்தது: "வியாழக்கிழமை ஆய்வாளர் அம்மா உங்க வீட்டப் பாக்க வருவாங்க."

இங்கேதான் நம் ஆட்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். எனக்கு இன்னமும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷி வருகிறாள் என்றால் பளிச்சக்கா என்ன செய்வாள்? புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டாள். அறையில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, கூரையிலிருந்து தரைவரை துடைத்தாள். பூசணத்தைச் சுரண்டி எடுத்து, காரமான மருந்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வேலை செய்த வீடுகளில் மிஞ்சியதாகச் சேர்த்து வைத்திருந்த வெள்ளைப் பெயின்ட்டைச் சுவரில் அடித்தாள். அடித்தும் கீழே ஒரு முழம் ஈரம் தெரிந்தது. "இரு, இரு" என்று நாத்தனார் மெஷினில் உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த துணியில் மிஞ்சியதை ஒட்டுப்போட்டு, சுவர் முழுக்க மூடும்படி ஒரு திரைச்சீலை தைத்துத் தொங்கவிட்டாள். மேல்வீட்டில் கேட்டு இரண்டு நல்ல நாற்காலி வாங்கி வந்தார்கள். கடைசியில் அந்த அறையைப் பார்த்தால் உங்களுக்கே அங்கே குடிவரத் தோன்றியிருக்கும்.

மருந்து நெடியில் நாத்தனாருக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. வாயில் இருமல் மிட்டாயை அடக்கிக்கொண்டு, நல்ல உடுப்பு உடுத்தி, ஆய்வாளர் அம்மா இருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட இருமாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் சிவந்து போயிருந்தது. அந்த அம்மாவும் நல்ல மாதிரி. காலையிலிருந்து படி ஏறி இறங்கிய களைப்பில், கொடுத்த டீயை நன்றியோடு குடித்தாள்.

"வீட்ல ஏதாவது குறை இருக்காம்மா?"

பளிச்சக்கா வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "ஒரு குறையும் இல்லம்மா. நீங்க இன்னும் கொஞ்சம் டீ குடிங்க."

வந்த விருந்தாளியிடம் போய்க் குறை சொல்வார்களா? அவள் வளர்ந்த விதம் அப்படி. ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டு போனாள். பதில் சீக்கிரமே வந்தது: தற்போதைய இருப்பிடம் தூய்மையாகவும் நல்ல நிலையிலும் உள்ளது, முன்னுரிமை இல்லை.

"ஒரு குறையும் இல்லையாம்ல!" என்று பளிச்சக்கா குதித்தாள். "மூச்சு விட முடியல, அது குறையில்லையா அண்ணி? என்ன விட்டா நான் சொல்லியிருப்பேன்ல?"

"நீ கிழிச்ச! சுவத்துக்குப் பெயின்ட்டு அடிச்சது யாரு? நானா அடிச்சேன்?"

"திரைய யாரு தெச்சது?"

தப்பு சரிபாதி. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அழுகை இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை. பளிச்சக்கா எழுந்து போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பட்ட அடி போதாது என்று இன்னொன்று வந்தது. வாடகை வாங்க வந்த கட்டடத்துக்காரர் அறையைப் பார்த்துவிட்டு அசந்து போனார். இவ்வளவு அழகான இடத்தையா இத்தனை நாள் இவ்வளவு குறைவாக விட்டு வைத்திருந்தோம் என்று அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது போலிருக்கிறது. "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டைக் காட்ட ஆள் கூட்டி வந்துவிட்டார். கூட வந்த தரகர் வேறு யாரும் இல்லை, பளிச்சக்காவுக்குச் சாவி கொடுக்கிறவரேதான். பின்னால் ஒரு சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி, அவள் தோளில் தூங்குகிற கைக்குழந்தை.

"பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்கு. காத்தோட்டமான இடம்" என்றார் தரகர்.

அந்தப் பெண் திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "இங்க தொட்டில் போட்டுடலாம்" என்று புருஷனிடம் சொன்னாள்.

பளிச்சக்கா ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தரகர் அவளைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார், சும்மா இரு என்று. அந்த ஜாடைதான் அவளைக் கிளப்பிவிட்டது. நேரே போய்த் திரைச்சீலையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். கம்பியோடு வந்தது. பெயின்ட் அதற்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கிள்ளினாள், உள்ளே இருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது.

"இதோ பாரும்மா, இதுதான் இந்த வீடு. பெயின்ட் அடிச்சது நான், மறைச்சது நான். இந்தச் சுவத்துப் பக்கம் படுத்துத்தான் எங்க அண்ணிக்கு இப்ப படுக்கவே முடியல. இங்கயா தொட்டில் போடப் போற?"

அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டாள். புருஷன் பின்னாலேயே ஓடினான்.

தரகருக்கு முகம் கறுத்துவிட்டது. "இனிமே என்கிட்டேருந்து ஒரு சாவி வராது உனக்கு. தெரிஞ்சுக்க."

"சாவி உங்களுது, வெச்சுக்கோங்க. கை என்னுது. இந்த ஊர்ல அழுக்குக்கா பஞ்சம்?"

"நாளைக்கே வெளிய போ!" என்று கட்டடத்துக்காரர் கத்தினார்.

"போக இடம் கிடைச்ச அன்னைக்குப் போறேன். நீங்க சொல்லவே வேணாம். அதுவரைக்கும் வாடகை தேதி தவறாம வரும், நானும் நகர மாட்டேன். முடிஞ்சா தூக்கிப் போடுங்க பாக்கலாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவர்கள் போனதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலை போயிற்று. வீடு போகப் போகிறது. மழைக்காலம் வாசலில் நிற்கிறது. நாத்தனார் கழன்று விழுந்த திரைச்சீலையை மடித்து வைத்துவிட்டு, "நல்லாத்தான் கேட்ட. இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துக் கேட்டிருக்கலாம்" என்றாள். அண்ணி அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் நகராட்சி அலுவலகம் திறக்கும்போதே பளிச்சக்கா வாசலில் நின்றாள். கவுன்ட்டரில் இருந்தவர் வயதில் சின்னவர், சலிப்பில் பெரியவர். "முடிவு பண்ணியாச்சும்மா. அடுத்த வருஷம் திரும்ப எழுதிப் போடுங்க."

"அடுத்த வருஷம் எழுதறதுக்கு எங்க அண்ணி இருக்கணுமே, சார். நான் பொய் சொல்லிட்டேன். திரும்ப வந்து பாருங்க."

"என்ன பொய்?"

"இங்க வர்றவங்க நல்ல வீட்ட மோசம்னு பொய் சொல்லுவாங்க, இல்லையா? நான் மோசமான வீட்ட நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன். எனக்கு என்ன லாபம் இதுல? வீட்டுக்கு ஒருத்தர் வராங்கன்னா தொடச்சு வெக்காம இருக்க எனக்குத் தெரியாது சார். அதுக்குத் தண்டனையா?"

கவுன்ட்டர்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முடியாது என்றுதான் சொன்னார். அவள் நகரவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவும் இல்லை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஒதுங்கி வழி விட்டாள், மறுபடி வந்து நின்றாள். மத்தியானம் வெளியிலிருந்து திரும்பிய ஆய்வாளர் அம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டு அருகில் வந்தாள். முழுக் கதையையும் கேட்டாள்.

"மறுபடி பாக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. வரேன். ஆனா எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்கம்மா. சொன்னா என் கை சும்மா இருக்காது."

அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே! உலகத்தில் வேலை செய்து களைத்தவர்கள் உண்டு, வேலை செய்யாமல் களைத்தது இந்த இருவர்தான். சுவரில் பூசணம் பூக்கப் பூக்க பளிச்சக்காவின் கை துணியைத் தேடும், நாத்தனார் தட்டிவிடுவாள். தண்ணீர் கசிந்து தரையில் ஓடினால் நாத்தனார் குனிவாள், "கைய எடுங்க அண்ணி!" என்று இவள் அதட்டுவாள். பகலில் பளிச்சக்கா கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலையைப் பிடித்தாள். அங்கே போய்த்தான் கை அரிப்பைத் தீர்த்துக்கொண்டாள்.

ஆய்வாளர் அம்மா வந்தது மழை கொட்டிய ஒரு காலையில். குடையை மடக்கிக்கொண்டு கடைசிப் படியில் கால் வைத்தவள், கணுக்கால் தண்ணீரில் நின்றாள். உள்ளே நாத்தனார் கட்டில் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும் விருந்தாளியைப் பார்த்ததும், "டீ... போடவா..." என்று எழப் பார்த்தாள்.

"அண்ணி!" என்று பளிச்சக்கா போட்ட சத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்வாளர் அம்மா சுவரைத் தொட்டாள், கையை முகர்ந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள். "நான் மேல போய் நின்னு எழுதிக்கறேம்மா. இங்க எனக்கே மூச்சு முட்டுது."

இந்தத் தடவை அலுவலகத்திலிருந்து இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். மூன்றாம் மாடியில், வெயில் படுகிற இரண்டு அறை வீடு காலி என்றார் கவுன்ட்டர்க்காரர். மின்தூக்கியும் உண்டு. பளிச்சக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"நாத்தனார்."

பேனா நின்றுவிட்டது. "நாத்தனார்னு இதுல இடமே இல்லையே. புருஷன், பெண்டாட்டி, பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க. அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரரும் கூட இல்ல. சட்டப்படி பாத்தா நீங்க ரெண்டு பேரும் தனித்தனி. ஆளுக்கொரு ஒத்தை அறைதான் கேக்கலாம், வேற வேற கட்டடத்துல, அதுவும் கிடைக்கும்போது." அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். அக்கா தங்கச்சின்னு போட்டுடறேன். யாரும் வந்து பாக்கப் போறதில்ல. இப்பவே சாவி வாங்கிட்டுப் போயிடலாம்."

பளிச்சக்கா தலையாட்டத்தான் போனாள். ஏன் ஆட்ட மாட்டாள்? அந்த நேரத்தில் மாமன் மச்சான் என்று எழுதச் சொன்னாலும் சரி என்றிருப்பாள். ஆனால் நாத்தனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அக்கான்னு எதுக்கு எழுதணும்?"

"அண்ணி, சும்மா இருங்க!"

"நீ சும்மா இருடி. ஒரு தடவ மரியாதைக்குப் பாத்துப் பொய் சொல்லி என் உயிரே போகப் பாத்துது. இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்." மெஷினோடு போட்டி போட்ட தொண்டை எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது, அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நான் இவளுக்கு நாத்தனார், தம்பி. இவ கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நாத்தனார். உப்பு கூடிப்போச்சுன்னு தெனமும் கத்தற நாத்தனார். என் தம்பி இவள விட்டுட்டு ஓடின அன்னைக்கு, உன் தம்பி போயிட்டான், நீயும் கெளம்புன்னு இவ என்ன சொல்லியிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. இவ சொல்லல. இவளே சொல்லாதத நீங்க சொல்றீங்களா?"

நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் உட்காரவில்லை. உள்ளே இருந்து மேலதிகாரி எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு பளிச்சக்காவைப் பார்த்தார். "வீட்டுக்காரரே போயிட்டாரு. அப்புறம் எப்படிம்மா இது ஒரு குடும்பம்?"

பளிச்சக்காவுக்குப் பயம் போய்விட்டது. வீடு கிடைக்காவிட்டால் போகட்டும் என்று ஒரு தைரியம் வந்து உட்கார்ந்தது. "ஓடினது அவன், சார். நான் ஓடல. இவங்களும் ஓடல. ஓடாத ரெண்டு பேரு ஒரே அடுப்புல ஆக்கிச் சாப்பிடறோம். ஒரு குடும்பத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும்? எங்களப் பிரிச்சுக் குடுக்கறதா இருந்தா வேணாம். நாளைக்கும் வருவோம், நாளன்னைக்கும் வருவோம். ரெண்டு பேரும் சேந்தே வருவோம்."

மேலதிகாரி ஆய்வாளர் அம்மாவின் அறிக்கையை வாங்கி, நின்றபடியே முழுசாகப் படித்தார். ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தார். பிறகு கவுன்ட்டர்க்காரரிடம், "இடம் இல்லேன்னா ஓரத்துல கையால எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

"என்னன்னு எழுதறது சார்?"

"நாத்தனார்னே எழுதுங்க" என்றாள் நாத்தனார், மேலதிகாரியை முந்திக்கொண்டு. "அதுல என்ன கொறச்சல்?"

எழுதினார். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். ஒரு வளையத்தில் கோத்த இரண்டு சாவி வந்தது. பளிச்சக்கா கை நீட்டுவதற்குள் நாத்தனார் அதை வாங்கி, மடித்த கைக்குட்டைக்குள் வைத்து, தன் பைக்குள் போட்டு மூடினாள்.

"அண்ணி, ஒரு சாவி என்னுது."

"குடுக்கறேன், குடுக்கறேன். மொதல்ல உப்பு எவ்வளவு போடணும்னு கத்துக்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.